மர்மத் தொடரின் முதல் அரைமணி

குடும்பக் கதையொன்றின் முதற்பகுதியில் மனிதர்களையும் அவர்களுக்குள் இருக்கும் உறவுமுறைகளையும் தெளிவுபடுத்திவிட்டால் தொகுப்பாளனின் கடமையில் பெரும்பகுதி நிறைவேறிவிடுகிறது. நகைச்சுவைத் தொடராயின் பார்ப்பவர் ஓரிரு தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும். மர்மத் தொடருக்கு மட்டும் இந்தச் சௌகரியம் கிடையாது. ஊரையும் மனிதர்களையும் அறிமுகப்படுத்துகிற அதே அரைமணி நேரத்தில், இப்போது கண்முன் கண்ட ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் இருக்கிறது, இந்த மனிதனுக்குள்ளே இன்னொரு மனிதன் வசிக்கிறான் என்ற ஐயத்தையும் அது பார்ப்பவர் மனத்தில் ஊன்றியாக வேண்டும். அவ்வாறு ஊன்றும்போது முதலில் காட்டியது பொய் என்று தோன்றிவிடவும் கூடாது. பகலில் கண்டதும் மெய், இரவில் கண்டதும் மெய் என்று இரண்டுக்கும் சமமான சாட்சியம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதே அந்த முதற்பகுதியின் தர்மம் என்பது, ஜொகூர் பாருவில் படத்தொகுப்புத் தொழிலில் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் திடமான அபிப்பிராயம்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரே விஷயத்தை இரண்டு விதமாகப் பார்க்கும் பழக்கம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. 1924இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு அப்பால், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சிங்கப்பூர் இருப்பதால், எங்கள் வீட்டுக் கூரைகளில் இருந்த ஏரியல்கள் இரண்டு அரசாங்கங்களின் ஒளிபரப்பையும் தங்குதடையின்றி வாங்கித் தந்தன. மலேசிய வானொலி தொலைக்காட்சியில் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு, சிறிது நேரத்தில் அதே செய்தியைச் சிங்கப்பூர் ஒளிபரப்பில் வேறொரு குரலிலும் வேறொரு வரிசையிலும் கேட்பது எங்களுக்குத் தினசரி அனுபவம். எந்தக் காட்சி முன்னே வருகிறது, எது பின்னே தள்ளப்படுகிறது, எவ்வளவு நேரம் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரே நிகழ்ச்சி வேறு முகம் கொள்வதை, தொழிலுக்கு வருமுன்பே அந்தப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டேன்.

நான் தொழில் பழகிய காலத்தில் தொகுப்பு என்பது இரண்டு டெக்குகளுக்கும் இரண்டு மானிட்டர்களுக்கும் இடையே நடக்கிற காரியமாக இருந்தது. ஒரு டெக்கில் படப்பிடிப்பு நாடா ஓடும். மற்றொன்றில் நாம் தேர்ந்தெடுத்த துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகிக்கொண்டே போகும். நடுவில் ஒரு காட்சியை இரண்டு விநாடி நீட்ட வேண்டுமென்று பிற்பாடு தோன்றினால், அதற்குப் பின்னால் உள்ளவை யாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். அல்லது முடிந்த நாடாவையே மூலமாக வைத்து இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். பிரதிக்குப் பிரதி நிறம் வெளிறும், இருட்டான பகுதிகளில் புள்ளிகள் பொரியும். ஆகையால் விநாடிக்கு 25 சட்டகங்கள் ஓடுகிற அந்த நாடாவில் எந்தச் சட்டகத்தில் வெட்டுவது என்பதை, கை பொத்தானைத் தொடுவதற்கு முன்பே மனத்தில் ஸ்திரப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கணினியில் தொகுக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. அதனால் அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தை நான் மனமார வாழ்த்துகிறேன். ஆயினும், திருமண நாடாக்களையும் தோட்டத்துக் கோயில் திருவிழா நாடாக்களையும் அப்படித் தொகுத்துத் தொகுத்தே, ஒரு காட்சி எப்போது பேசி முடிக்கிறது என்பதைக் காதால் கேட்பதுபோல் உணர்கிற பயிற்சி எனக்கு வாய்த்தது.

அந்தக் காலத்தில்தான் 'மர்மதேசம்' எங்களை வந்தடைந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அத்தொடர், முதலில் 'ரகசியம்' என்றும் பிறகு 'விடாது கருப்பு' என்றும் தனித்தனிக் கதைகளாக வெளிவந்தது. சென்னையில் ஒளிபரப்பானவற்றை ஒளிநாடாக்களாகப் பதிந்து வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் அப்போது ஜொகூரில் தமிழர் வாழ்ந்த பேட்டைகள்தோறும் இருந்தன. பெட்டியில் பேனாவால் பகுதி எண் எழுதப்பட்ட அந்த நாடாக்கள் வீட்டுக்கு வீடு கைமாறி, எத்தனையோ இயந்திரங்களில் தேய்ந்து, படத்தின் ஓரங்கள் நெளிய நெளிய என்னிடம் வந்து சேரும். மற்றவர்கள் கதைக்காகப் பார்த்ததை நான் கதை ஒரு முறை, வெட்டு ஒரு முறை என்று பிரித்துப் பார்த்தேன்.

'விடாது கருப்பு' தோட்டக்காரமங்கலம் என்னும் கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. தவறு செய்தவர்களைக் காவல் தெய்வமான கருப்புசாமி குதிரை மீதேறி வந்து தண்டிக்கிறது என்பது ஊராரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நிகராக, ஒரே உடலில் இரண்டு ஆளுமைகள் குடியிருக்கக்கூடும் என்ற உளவியல் விளக்கமும் கதையில் வளர்ந்துகொண்டே போகிறது. சேத்தன் ஏற்ற ராஜேந்திரன் என்ற பாத்திரத்தின் மேல் இந்த இரண்டு விளக்கங்களும் வந்து கவிகின்றன. போதாக்குறைக்கு, அவனுடைய பிள்ளைப் பிராயத்து நிகழ்ச்சிகளும் தற்கால நிகழ்ச்சிகளும் மாறி மாறி வருமாறு கதை பின்னப்பட்டிருந்தது. பழைய காலத்தைச் சொல்வதென்றால் பாத்திரம் ஒன்று ஆகாயத்தைப் பார்க்க வேண்டும், திரை அலையலையாக நெளிய வேண்டும் என்ற சம்பிரதாயம் வேரூன்றியிருந்த நாளில், இரண்டு காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் உயிரோடு நடமாடவிட்ட அந்தத் துணிச்சல் தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் புதிய வாசல் ஒன்றைத் திறந்துவிட்டது. நாகா ஒளிப்பதிவில் தேர்ந்தவராதலால் அவருடைய இரவுகளில் நிழல்களுக்குக் கனம் இருந்தது. இருட்டைக் கண்டால் இரைச்சல் போடும் வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு அந்தக் கனத்தைக் கொண்டுவருவது எத்தகைய பிரயாசை என்பது தொழில் செய்தவர்களுக்கே தெரியும்.

ஜொகூர்த் தமிழர்கள் அத்தொடரில் மற்றவர்களைவிட ஆழமாக ஈடுபட்டதற்குக் காரணம் உண்டு. குளுவாங், கூலாய், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் எல்லைக் காவலாக முனியாண்டியோ கருப்பரோ இல்லாத இடம் அரிது. பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே, மரத்தின் பால் நன்றாக இறங்குகிற குளிர்ந்த வேளையில், தலையில் கட்டிய விளக்குடன் நிரைகளுக்குள் நுழையும்போது அந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டே போவார்கள். ஆண்டு முழுவதும் வெட்டுக் கத்தியும் மங்குமாக அதிர்ந்து பேசாமல் வாழ்கிற மனிதர், திருவிழா நாளில் உடுக்கைச் சத்தம் உச்சத்துக்கு ஏறியதும் சாமி வந்து, கங்காணியையும் துரையையும் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்பதை நாங்கள் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள். மறுநாள் காலையில் அதே மனிதர் அதே நிரையில் அதே மரத்தடியில் குனிந்து நிற்பார். அவரைப் பற்றிய பேச்சில், சாமி வந்தது என்பவர்களும், மனத்தில் அடக்கி வைத்தது வெளியே வந்தது என்பவர்களும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வசித்தார்கள். ஒருவர் மற்றவரைப் பழித்து நான் கேட்டதில்லை. 'விடாது கருப்பு' எங்களுக்குச் சொன்னது எங்கள் வீட்டுக் கதையை.

இதே காலத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மூலமாக அமெரிக்கத் தொடரொன்றின் முதற்பகுதி அடங்கிய நாடா என் கைக்கு வந்தது. டேவிட் லிஞ்ச்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் உருவாக்கி, 1990 ஏப்ரல் 8ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான 'ட்வின் பீக்ஸ்' அது. மரம் அறுக்கும் ஆலையை நம்பி வாழ்கிற மலைநாட்டுச் சிற்றூர். ஏரிக்கரையில் பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டு ஒதுங்கிக் கிடக்கிற இளம்பெண்ணின் சடலம். ஊரே கொண்டாடிய அந்த லாரா பாமருக்கு யாரும் அறியாத இன்னொரு வாழ்க்கை இருந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும் உண்மை. கதையை இப்படிச் சொல்லிவிட்டால் சாதாரணத் துப்பறியும் நாவலாகத் தோன்றும். லிஞ்ச் அதைச் சொன்ன கிரமத்தில்தான் விசேஷம் இருந்தது.

மகள் வீடு திரும்பாததால் கலங்கிய தாய், தந்தை வேலையாக இருக்கும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எதிரில் காவல் அதிகாரி வந்து நிற்கிறார். யாரும் மரணம் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. அதிகாரியின் பெயரைத் தந்தை வாயால் கேட்ட மாத்திரத்தில் தாய்க்கு விளங்கிவிடுகிறது. தந்தையின் கையிலிருந்து ரிசீவர் நழுவ, கேமரா அந்தக் கம்பியின் வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தொங்கும் ரிசீவரிலிருந்து கேட்கிற அழுகையைப் போய்ச் சேருகிறது. பள்ளிக்கூடத்திலும் அவ்வாறே: வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, சன்னலுக்கு வெளியே ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடுகிறாள், அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்த தோழிக்கு, தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்கு முன்பே எல்லாம் தெரிந்துபோகிறது. செய்தி வாய்வழி வராமல் பொருள்களின் வழியே வருகிறது. வீட்டு மாடிப்படிக்கு மேலே சுழல்கிற மின்விசிறியும், இரவில் ஆளில்லாத சாலையில் ஆடுகிற போக்குவரத்து விளக்கும் அவ்விதமே நம்மை நோக்கி எதையோ சொல்ல வருபவை போல நிற்கின்றன.

தொழில் சார்ந்து ஒரு விளக்கம் சொல்ல வேண்டியது இங்கே அவசியம். விசிறி ஒன்றைத் திரையில் காட்டினால் அது விசிறி என்று விளங்குவதற்கு ஒரு விநாடிகூட வேண்டாம். விளங்கியதும் வெட்டிவிடுவது எங்கள் தொழிலின் பாலபாடம். விளங்கிய பிறகும் மூன்று, நான்கு விநாடிகள் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவைத்தால், பார்ப்பவர் மனம் தன் வேலை முடிந்துவிட்டதே, பின் எதற்காக இதை இன்னும் காட்டுகிறார்கள் என்று தவிக்கத் தொடங்குகிறது. அந்தத் தவிப்பில் அது தானாகவே இரண்டாவது அர்த்தமொன்றைத் தேடிப் புறப்படுகிறது. கனவில் நாம் காணும் பொருள்களுக்கு இந்தக் குணம் உண்டு. அங்கே ஒரு கதவு கதவாக மட்டும் இருப்பதில்லை. கனவுத் தன்மையைக் கொண்டுவரப் புகை மூட்டுவதும் கேமராவைச் சாய்ப்பதும் அநாவசியம். வெட்டைச் சற்றுத் தாமதப்படுத்தினால் போதும் என்பதை லிஞ்ச்சின் அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் போதித்தது.

என்னிடம் வந்த நாடா ஐரோப்பாவில் வெளியிடத் தயாரித்த பதிப்பு என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. தொடர் மேற்கொண்டு நடக்காமற்போனால் தனிப்படமாக விற்பதற்கென்று, கொலையாளி யார் என்று சொல்லி முடித்துவிடும் ஒரு முடிவை லிஞ்ச் அதற்காகத் தனியே படமாக்கினார். அந்த முடிவின் கடைசிக் கட்டத்தில்தான், செந்நிறத் திரைச்சீலைகள் தொங்கும் அறையில், கொலையை விசாரிக்கும் துப்பறிவாளர் 25 ஆண்டுகள் மூப்படைந்து உட்கார்ந்திருக்க, குள்ள மனிதர் ஒருவர் நடனமாடும் அந்தப் பிரசித்தமான காட்சி வருகிறது. நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாக உச்சரிக்கக் கற்று, பதிவைப் பின்னோக்கி ஓட்டியதால், சொற்கள் நேராக வந்தபோதும் மூச்சு மட்டும் வேறொரு லோகத்து மூச்சாக ஒலித்தது. அமெரிக்கப் பதிப்பை நான் பார்த்தபோது அந்த அறையுமில்லை, அந்த விடையுமில்லை. கதை வாயைத் திறந்தபடியே நின்றது. ஒரே முதற்பகுதியை மூடிய முடிவோடும் மூடாத முடிவோடும் பார்க்கக் கிடைத்தது ஒரு தொகுப்பாளனுக்குப் பெரும் பாக்கியம். மூடாததே வலியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செவ்வறை இல்லாத அந்த முதற்பகுதியை நினைக்கும்போது மனம் ஏங்குவதும் உண்மை. லிஞ்ச்சுக்கும் அந்த ஏக்கம் இருந்திருக்க வேண்டும். பிற்பாடு அதே காட்சியைத் துப்பறிவாளரின் கனவாகத் தொடருக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அம்முதற்பகுதியில் இன்னொரு சம்பவம் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் நினைத்து நினைத்து வியக்க வேண்டியது. தாய் திடுக்கிட்டு எழுந்து அலறுகிற இறுதிக் காட்சியைப் படமாக்கியபோது, அறைச் சாமான்களை அமைக்கும் பணியாளரான ஃப்ராங்க் சில்வாவின் பிரதிபிம்பம் சுவரிலிருந்த கண்ணாடியில் தவறுதலாக விழுந்துவிட்டது. காட்சி கெட்டுவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்று கேமராக்காரர்கள் சொல்ல, லிஞ்ச் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். கண்ணாடிக்குள் தெரிந்த அந்த முகமே, சாந்தமான மனிதர்களின் உடலுக்குள் புகுந்து கொடுமை செய்கிற 'பாப்' என்னும் சக்தியாகி, தொடர் முழுவதற்கும் ஆதாரமாயிற்று. பிணமாகக் கிடப்பதற்கென்று அமர்த்தப்பட்ட ஷெரில் லீயும் அவ்வாறே, அவருடைய நடிப்பைக் கண்டபின், லாராவின் சாயலிலேயே இருக்கும் உறவுக்காரப் பெண்ணாக மறுபடி தொடருக்குள் வந்தார். தோட்டக்காரமங்கலத்துக் கருப்புக்கும் அந்த மலைநாட்டுப் பாப்புக்கும் இடையில் எத்தனை சமுத்திரங்கள் இருக்கின்றன! ஆயினும், சாது ஒருவனின் உடலை மற்றொன்று வாகனமாகக் கொள்கிறது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே. கருப்பு தண்டிக்க வருகிறது, பாப் அழிக்க வருகிறது என்பதில்தான் இரு சமூகங்களின் மனோபாவம் பிரிகிறது.

பின்னர் உள்ளூர்த் தமிழ்த் தொடரொன்றின் முதற்பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. செம்பனைத் தோட்டத்துக் கிராணி ஒருவர். பகலில் கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகாதவர். இரவில் அதே தோட்டத்தில் நடமாடுகிற ஏதோ ஒன்றுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பது கதை. கூலாய்க்கு அப்பால் படமெடுத்தார்கள். செம்பனை நிரைகளைக் கேமராவில் பார்த்தவர்களுக்கு ஓர் அதிசயம் தெரியும்: மரங்களை முக்கோண அமைப்பில் சம இடைவெளி விட்டு நடுவதால், கேமராவை ஓரிடத்தில் வைத்து மெல்லத் திருப்பினாலே நீண்ட பாதை ஒன்று திறந்து, மூடி, வேறு திசையில் மற்றொன்று திறக்கும். எந்தத் திசையும் மற்றத் திசையைப் போலவே இருக்கும். மட்டைகள் மேலே கவிந்து உச்சிப் பொழுதிலும் அந்தி போலிருக்கும். பகலுக்கும் இரவுக்கும் ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில் கேமராவைத் திருப்பி இரண்டு காட்சிகள் எடுத்துத் தரும்படி இயக்குநரிடம் கேட்டுக்கொண்டேன். இரவுக் காட்சியையும் உண்மையில் பகலிலேயே எடுத்தார்கள்: ஒளித்துவாரத்தைச் சுருக்கி, வீட்டுக்குள் எரியும் மஞ்சள் விளக்குக்கு ஏற்றவாறு கேமராவின் வெள்ளையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தால் பகல் வெளிச்சம் நீலமாகப் பதியும். அந்த இரண்டு காட்சிகளையும் முதற்பகுதியில் ஓர் இடைவெளி விட்டு வைத்தபோது, இடம் ஒன்று, அதன் முகம் இரண்டு என்பதைச் சொல்ல வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

கண்ணாடி விஷயத்தில் எங்களுக்கு உதவியது ஜொகூர் பாருவின் இராஜகாளியம்மன் கோயில். 1922இல் எழுந்த அந்தக் கோயில் பின்னாளில் சுவர், தூண், விதானம் எங்கும் லட்சக்கணக்கான வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுக் கண்ணாடிக் கோயிலாகப் புகழ் பெற்றது. அங்கே நிற்பவர் தம் உருவத்தை எங்கும் காண்பார். எந்தத் துண்டிலும் முழுதாகக் காணமாட்டார். தரிசனத்துக்குப் போய்வந்த எங்கள் இயக்குநர், கிராணியின் அறையில் உடைந்து ஒட்டப்பட்ட நிலைக்கண்ணாடி ஒன்றை வைக்கும்படி அன்றே சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு எதிரே கேமராவை வைப்பது ஒளிப்பதிவாளருக்குப் பெரிய சோதனை. சன்னல் கண்ணாடியின் பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் வடிகட்டி, ரசம் பூசிய கண்ணாடியிடம் பலிப்பதில்லை. கறுப்புத் துணி போர்த்தி, பக்கவாட்டில் வெகுதூரம் விலகி, நீண்ட லென்ஸில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த காட்சியில் கிராணி தலை சீவிக்கொள்கிறார். சீப்புப் பிடித்த கை ஒரு துண்டில், கண் ஒரு துண்டில், வாய் ஒரு துண்டில். அவர் நகர்ந்த பிறகு, கண்ணிருந்த துண்டில் சுவரிலுள்ள சாமி படத்தின் ஒரு மூலை தெரிகிறது. அந்த மூலையை நான் வெட்டாமல் விட்டேன்.

முதற்பகுதியில் திருவிழாக் காட்சி ஒன்றும் இருந்தது. நிஜத் தோட்டத்துக் கோயில் முற்றத்தில், உடுக்கைக்காரர்களையும் சாமியாடிப் பழகிய பெரியவர் ஒருவரையும் வைத்து அதை எடுத்தார்கள். அவர் படப்பிடிப்புக்கு ஒப்புக்கொள்ளுமுன் என்னையும் இயக்குநரையும் கூப்பிட்டு, "தம்பி, சாமி வந்தவனக் காட்டுனா முழுசாக் காட்டணும். பாதியில வெட்டிட்டு வேற எதையாச்சும் காட்டுனா அது கேலி மாதிரி ஆயிரும்," என்றார். அதைவிடச் சிறந்த தொகுப்புப் பாடத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆகவே அவர் நிற்பதிலிருந்து காட்சியைத் தொடங்கினேன். முதலில் கால் பெருவிரல் மண்ணை அழுத்துகிறது. பிறகு முழங்கால் நடுங்குகிறது. மூச்சு மூக்கிலிருந்து வாய்க்கு மாறுகிறது. கண் இமைப்பது நின்றுபோகிறது. இவ்வளவும் வெட்டின்றி ஒரே ஓட்டமாகச் செல்ல, பெண்கள் குடத்தோடு வந்து அவர் பாதத்தில் மஞ்சள் நீரை ஊற்றுகிறார்கள்.

அந்த மஞ்சள் நீரை இயக்குநரின் சம்மதத்துடன் இரண்டு முறை பயன்படுத்தினேன். திருவிழாவில் அது நேராக ஊற்றப்படுகிறது. பகுதியின் இறுதியில், கிராணி தம் அறையில் தூக்கத்தில் புரளும்போது, அதே காட்சி பின்னோக்கி ஓடுகிறது: மண்ணில் பரவிய நீர் ஒன்றுகூடி, பாதத்தை விட்டு மேலே எழும்பி, குடத்துக்குள் திரும்பிப் போய்விடுகிறது, பாதம் உலர்ந்து நிற்கிறது. பெரும்பாலான டெக்குகள் அந்நாளில் பின்னோக்கி ஓடும்போது படத்தைக் கோடு கோடாகச் சிதைத்துவிடும். தலையைத் தானே சரிப்படுத்திக்கொண்டு பின்னோக்கியும் சுத்தமாக ஓடுகிற பீட்டாகேம் டெக் ஒன்றை வாடகைக்கு வரவழைத்து, சாதாரண வேகத்துக்குச் சற்றுக் குறைவாக அதை ஓட்டினோம். பெரியவருக்கு முதலில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "சாமி எறங்கிப் போற மாதிரியே இருக்கு," என்றார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்வதற்கு ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வேறு சிலவற்றை எடுக்கச் சொன்னார்கள். படம் போடும் பொறுப்பில் இருந்தவர்களுக்கு முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஓர் அலறல் வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்ற பயம் இருந்தது. மின்னலும் பேரிகையும் கலந்த சத்தமொன்றை ஒரு நாடாவில் கொடுத்தனுப்பினார்கள். நானும் ஒலி அமைத்தவரும் மாற்று வழியொன்றை முன்வைத்தோம். கிராணி கணக்கெழுதும் பகல் காட்சியின் அடியில் சில்வண்டுச் சத்தத்தை விட்டோம். இரவு நடமாட்டக் காட்சியின் அடியில் பேனா காகிதத்தில் உராய்கிற சத்தத்தை விட்டோம். இரவின் ஒலி பகலிலும் பகலின் ஒலி இரவிலும் கசிந்திருப்பதை யாரும் அறிவுபூர்வமாகக் கவனிக்கவில்லை. ஆனால் முன்னோட்டம் பார்த்தவர்கள், கணக்கெழுதும் காட்சி ஏனோ அச்சமாக இருக்கிறதென்று தாமாகவே சொன்னார்கள். அலறலைச் சேர்க்கும்படி அதன்பின் யாரும் வற்புறுத்தவில்லை. கிராணிக்கு என்ன நோய் என்று ஒரு குரல் விளக்க வேண்டும் என்ற யோசனையையும் இயக்குநர் மறுத்துவிட்டார். மருத்துவரின் வாக்கும் பூசாரியின் வாக்கும் கதைக்குள்ளேயே சம மரியாதையோடு இருக்கும்போது, தயாரிப்பாளரின் குரல் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்வது அநியாயம் என்பது அவர் கட்சி. அவர் கட்சியே என் கட்சியும்.

பகுதி ஒளிபரப்பான வாரத்தில் எனக்குக் கிடைத்த அபிப்பிராயங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பால்மர வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் சித்தி, கிராணியின் குலதெய்வத்துக்கு நெடுநாளாகப் படையல் வைக்கவில்லை என்று திட்டவட்டமாகச் சொன்னார். அதற்குச் சான்றாகக் கண்ணாடித் துண்டில் தெரிந்த அந்தப் பட மூலையைக் காட்டினார். மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் பேத்தி, சிறுவயதில் கிராணிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்றாள். அவள் காட்டிய சான்றும் அதே மூலைதான், அந்தப் படத்தின் ஓரம் தீயில் கருகியிருந்ததை அவள் கவனித்திருந்தாள்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரிலும் லிஞ்ச் 2025 ஜனவரியிலும் அடுத்தடுத்துக் காலமானார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு என்னிடம் தொழில் பழகும் இளைஞன் இரண்டு தொடர்களின் முதற்பகுதிகளையும் பார்க்க விரும்பினான். முதலில் ஒலியை அடைத்துவிட்டு ஒரு முறை, பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒலியை மட்டும் ஒரு முறை என்று பார்க்கச் சொன்னேன். எந்தக் காட்சியில் கண்ணும் காதும் வெவ்வேறு கதை சொல்கின்றன என்று குறித்துவைக்கச் சொன்னேன். பக்கம் பக்கமாகக் குறித்து வந்தான். இப்போது புதிய மர்மத் தொடரொன்றின் முதற்பகுதி அவன் மேசையில் இருக்கிறது. சென்ற வாரம், வீட்டு வாசலில் கழற்றி வைத்த செருப்புகளைக் காட்டுகிற ஒரு காட்சியில் வந்து நின்றுகொண்டு, "ஐயா, இதுல புரிஞ்சுக்க ஒண்ணுமில்ல, வெட்டிரலாமா?" என்று கேட்டான். இன்னும் இரண்டு விநாடி விட்டுப் பார் என்றேன். விட்டுப் பார்த்தான், பிறகு மேலும் ஒரு விநாடி அவனாகவே கூட்டினான்.